ஊக்கு குத்திய செருப்பு

சிஞ்ச்வட் ஸ்டேஷனில் இறங்கி, வழியில் வைஷுவுக்காக வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, மே மாத வெயிலின் சூடு இன்னும் சுவரை விட்டு இறங்காத சாயங்கால நேரத்தில் இரண்டாவது மாடிக்கு ஏறி வந்த சூர்யநாராயணன், தம் வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு கூடுதலாக இருப்பதைப் பார்த்தார்.

மனைவி வைஜயந்தியின் தோல் செருப்பு இருந்தது. மகள் வைஷுவின் கான்வாஸ் ஷூவில் ஒன்று வழக்கம்போலக் குப்புறக் கிடந்தது. அவருடைய கோலாப்பூரிச் செருப்பு சுவரோரம் இருந்தது. இவற்றோடு சேராமல், கதவுக்கு நேர் எதிரே, குதிகால் கதவைப் பார்க்க, விரல் பக்கம் படியைப் பார்க்க, நீல வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. வெளியே வந்ததும் திரும்பாமல் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு நடக்க வசதியாக யாரோ வைத்திருந்தார்கள். இடது செருப்பின் வார் அறுந்துபோய், ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தது.

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனார். ஹாலில் யாரும் இல்லை. சமையலறையில் குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலையே. ஏன்னா கேக்கறேள்?" என்றாள் வைஜயந்தி.

"வாசல்ல செருப்பு இருக்கே."

கையில் கரண்டியோடு வந்து அவள் எட்டிப் பார்த்தாள். "எங்க? நம்ம செருப்புதானே இருக்கு."

நீலச் செருப்பு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஈரத் தடம் மட்டும், பாத அளவில், அடுத்தடுத்து. படி கழுவுகிறவள் தண்ணீர் சிந்தியிருப்பாள் என்று சொல்லிவிட்டு வைஜயந்தி உள்ளே போய்விட்டாள். சூர்யநாராயணன் குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அடுப்புக் கல்லாகக் கொதிக்கிற தரையில் அந்த இரண்டு இடம் மட்டும் ஐஸாகச் சில்லிட்டது. விரலை வேட்டியில் துடைத்துக்கொள்ளப் போனார், பேன்ட் போட்டிருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தச் செருப்பை அவருக்குத் தெரியும். தெரியாமல் என்ன? போன மாதக் கடைசியில் அவரே அதைப் பழைய பேப்பரில் சுற்றி, லோக்கல் ரயில் இந்திராயணிப் பாலத்தின் மேல் தடதடத்தபோது வாசலில் நின்று ஆற்றில் எறிந்தார். பொட்டலம் தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

தளேகாவில் அவர் ஏற்றுமதி மானேஜராக இருந்த தொழிற்சாலையில் அல்போன்ஸா மாம்பழத்தைத் தோல் சீவித் துண்டு போட்டு, வெண்டைக்காயைக் காம்பு நறுக்கி, கல்லாக உறைய வைத்துக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பினார்கள். அனுப்புகிற கன்டெய்னர் என்பது லாரியின் முதுகில் ஏறிய ஒரு பிரம்மாண்டமான ஃப்ரிட்ஜ். அதற்கென்று தனியாக ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே வரும். உள்ளே பூஜ்யத்துக்குப் பதினெட்டு டிகிரி கீழே. அட்டைப் பெட்டிகளைச் சிவப்புக் கோடு வரைக்கும்தான் அடுக்கலாம். அதற்கு மேல் குளிர்காற்று ஓட இடம் விடவேண்டும். அந்த இடம் ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு ஊர்ந்து போகிற அளவுக்குத்தான் இருக்கும்.

லண்டன் வியாபாரி பொல்லாதவர். வழியில் எங்கேயாவது குளிர் குறைந்ததா என்று குறித்துக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்றைச் சரக்கின் நடுவில் வைத்து அனுப்பவேண்டும் என்பது அவர் கட்டளை. கதவோரம் வைத்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார். எல்லாப் பெட்டியும் ஏறிய பிறகு அந்த இடுக்கில் ஊர்ந்து போய் அதை வைத்துவிட்டு வர அமலாவை விட்டால் ஆள் கிடையாது. அமலா, இதே லோக்கல் ரயில் பாதையில் இருக்கிற போபோடிக்காரி. மிலிட்டரிப் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவோடு வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். அப்பா போய்விட்டார். தம்பி ஜெபமணியைப் படிக்க வைப்பதற்காகப் பேக்கிங்குக்கு வந்தவள். ஒடிசலான உடம்பு. தம்பியின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, காலில் இரண்டு சாக்ஸ், கையில் கம்பளிக் கையுறையோடு அவள் சரசரவென்று உள்ளே போகிற அழகைப் பார்த்து, பேக்கிங் பெண்கள் "பாருடி, பல்லி போறா" என்று சிரிப்பார்கள்.

இதற்கு எழுதி வைத்த விதி ஒன்றும் கிடையாது. மனிதர் சாப்பிடுகிற பண்டத்தின் மேல் யாராவது செருப்புக் காலோடு ஏறுவார்களா? உள்ளே போகிறவள் கன்டெய்னர் வாயில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவாள். செருப்பு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறாள். செருப்பு இல்லையென்றால் வந்துவிட்டாள், கதவைச் சாத்தலாம். எந்த ஜாதி, எந்த பாஷைக்காரராக இருந்தாலும் தொழிற்சாலையில் எல்லோருக்கும் இது தெரியும். மானேஜருக்கும் தெரியும்.

அன்றைக்கு லாரி தாமதமாக வந்தது. விடிவதற்குள் நாவா சேவா துறைமுகத்தின் கேட்டைத் தாண்டாவிட்டால் கப்பல் போய்விடும். அதற்கு முந்தின தடவை கப்பலைத் தவற விட்டதற்காக முதலாளி நாலு பேர் முன்னால், "இன்னொரு தரம் இப்படியானால் ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கோ" என்று சொல்லியிருந்தார். இருட்டிவிட்டது. மற்றப் பெண்களை ஷிப்ட் பஸ்ஸுக்கு அனுப்பியாயிற்று. கரன்ட் வேறு இல்லை. கதவில் பூட்டினால் லண்டன்வரை உடைக்கக் கூடாத சீலைக் கையில் வைத்துக்கொண்டு சூர்யநாராயணன் வந்து நின்றபோது கன்டெய்னர் வாயில் நீலச் செருப்பு இருந்தது. குதிகால் உள்ளே பார்க்க, விரல் பக்கம் வெளியே பார்க்க.

"யாரும்மா உள்ள?" என்று ஒரு தரம் கூப்பிட்டார். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். அதற்குள் வந்திருப்பாள், அவசரத்தில் செருப்பை மறந்து பாத்ரூம் பக்கம் போயிருப்பாள் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, ஷூ நுனியால் செருப்பை ஓரமாகத் தள்ளினார். கதவைச் சாத்தினார். சீல் வைத்தார்.

இதுவரை நடந்ததைக் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். அடுத்ததற்கு வேறு பெயர்.

லாரி கண்டாலாவில் டீக்கு நின்றபோது டிரைவர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீசுக்குப் போன் செய்தான். "சாப், அந்தர் சே ஆவாஸ் ஆ ரஹா ஹை." உள்ளேயிருந்து சத்தம் வருகிறதாம். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. சீலை உடைத்துப் பார்க்கட்டுமா?

ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே சூர்யநாராயணன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கரன்ட் வந்திருந்தது. சரக்கு ஏற்றுகிற மேடையில், விளக்குக்கு அடியில், அவர் தள்ளிவிட்ட இடத்தில் அந்தச் செருப்பு கோணலாகக் கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ள யாரும் வரவில்லை. அவருக்குப் புரிந்தது. சீலை உடைத்தால் கப்பல் போகும், வேலை போகும், பேரும் போகும் என்பதும் அதே நொடியில் புரிந்தது. சரக்கு நகர்கிற சத்தம்தான், சீலில் கை வைக்காதே, எங்கேயும் நிற்காமல் போ என்று இந்தியில் சொன்னார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

பன்வேலிலிருந்து அவன் இன்னொரு தரம் கூப்பிட்டான். "அபி டீக் ஹை சாப். ஆவாஸ் பந்த் ஹோ கயா." சத்தம் நின்றுவிட்டதாம்.

மறுநாள் காலை கேட்டில் ஜெபமணி நின்றான். மீசை அரும்பிய பையன். முகம் கழுவாமல் வந்திருந்தான்.

"எங்க அக்கா நேத்து வூட்டுக்கு வரல சார்."

"ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் போயாச்சேப்பா. அவ செருப்பு இங்க இருக்கான்னு வேணா பாரு."

செருப்பு இல்லை. பேக்கிங் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். செருப்பு இல்லையென்றால் போய்விட்டாள் என்றுதானே அர்த்தம்? அவர்களே ஜெபமணியிடம் அப்படித்தான் சொன்னார்கள். சூர்யநாராயணன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தினார். "லாரிக்காரப் பசங்களோட சிரிச்சுப் பேசிண்டிருப்பா. எனக்கென்னமோ... போலீஸ் அது இதுன்னு போனா உங்க குடும்ப மானம்தான் போகும், பாத்துக்கோ."

பையன் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான். "ஓடணும்னு நெனச்சவ, அந்த அறுந்த செருப்பப் போட்டுக்கினா சார் ஓடுவா?"

அந்தக் கேள்வி சூர்யநாராயணனைப் பிடித்துக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் அதுதான். லோக்கலில் கண்ணை மூடினால் அதுதான். ஜெபமணி தினமும் வந்து கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனான். கப்பல் போய்க்கொண்டிருந்தது. லண்டனில் கதவைத் திறக்கிற அன்றைக்குத் தெரிந்துவிடும். துறைமுகத்தில் யாரோ திருட்டுத்தனமாக ஏறிக்கொண்டாள் என்று சாதித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சீல் உடையாமல் எப்படி ஏறுவாள் என்று அவருக்குள்ளேயே ஒருவன் திருப்பிக் கேட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், கல்லாக உறைந்த ஒரு மனுஷியை எங்கே மறைப்பது?

இந்த நிலையில்தான் செருப்பு வாசலுக்கு வந்தது.

மறுநாளும் வந்தது. இந்தத் தடவை கதவுக்கு உள்ளே, மிதியடியின் மேல். அவர் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார், இல்லை. மிதியடி நனைந்திருந்தது. அதற்கும் மறுநாள் சமையலறை நிலையருகே ஈரத் தடம். அதிலிருந்து மெல்லிய வாசனை ஒன்று எழுந்தது. குளிர்ந்த மாம்பழத்தின் தித்திப்பும், அதற்கு அடியில் ரப்பரும், டீசல் புகையும். வைஜயந்தி மூக்கை உறிஞ்சி, "உங்க ஃபாக்டரி வாசனையை ஆத்துக்கே கொண்டு வந்துடறேள்," என்று சிரித்தாள். அவர் அன்றைக்கு இரண்டு தரம் குளித்தார்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பருப்புசாதமும் அப்பளமும் உள்ளே போய், ஃபேன் காற்று சுகமாகக் கண்ணைச் செருகிக்கொண்டு வந்த நேரம். மேலே ஐஸ் வைக்கிற பெட்டிக்குள்ளிருந்து அது வந்தது. மெதுவாக, கம்பளி சுற்றிய கையால் தட்டுவதுபோல் மொத்தமான சத்தம். மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

"ஏன்னா, ஃப்ரிட்ஜுல என்ன சத்தம்?"

"ஐஸ் நகர்ற சத்தம்தான்," என்றார். சொன்ன பிறகு தம் குரலைத் தாமே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"மேல் ஃப்ளாட்ல டைல்ஸ் போடறா. அதுதான் இங்க கேக்கறதோ என்னமோ," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் எழுந்து போய் ஃப்ரிட்ஜின் ஸ்விட்சை அணைத்தார். ப்ளக்கையும் பிடுங்கினார். ப்ளக் கையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மறுபடி மூன்று தட்டு. பெட்டியைத் திறந்து பார்க்கலாம். கைப்பிடி வரைக்கும் கை போயிற்று. திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பழக்கமாயிற்றே.

அதையெல்லாம்கூட அவர் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பார். வைஷு விஷயம் அப்படியில்லை. கீழே விளையாடப் போன எட்டு வயதுக் குழந்தை அழுதுகொண்டே ஏறி வந்தாள். "அம்மா, பைர் மே ஜலன் ஹோ ரஹா ஹை," என்று தரையில் உட்கார்ந்து, எரிகிற பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கால் முழுவதும் வெளுத்து, விரல்களுக்கு அடியில் நீர் கோத்துக் கொப்புளமாகியிருந்தது.

"என் ஷூ தூர் இருந்தது. வாசல்ல இருந்த நீலா சப்பல் போட்டுண்டு போனேன். ரொம்ப டண்டா, ஐஸ் மாதிரி இருந்தது அப்பா. அப்புறம் கழட்டவே வரலை."

வெயிலில் தார் ரோட்டை மிதித்திருப்பாள் என்று டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். சூர்யநாராயணனுக்குத்தான் வெயிலால் வந்த கொப்புளமும் குளிரால் வந்த கொப்புளமும் தெரியுமே. தொழிற்சாலையில் எத்தனை விரல்களைப் பார்த்திருக்கிறார். அன்று குழந்தையின் காலை மடியில் வைத்துக்கொண்டு களிம்பு தடவியபோது முதல்முறையாக அவருக்கு அழுகை வந்தது. அமலாவுக்காக அல்ல. இது தம் பெண்ணின் கால் என்பதற்காக. குழந்தை இங்கே இருக்கக் கூடாது. யாரும் இங்கே இருக்கக் கூடாது.

வைஷுவுக்கு லீவுதானே, மெட்ராஸ் போகலாம், நானும் வருகிறேன், லீவு முடிகிறவரை இருக்கலாம் என்றார். வைஜயந்தி நம்பவில்லை. போன வருஷமும் இப்படித்தான். ஸ்டேஷனுக்குக் கிளம்புகிற நேரத்தில் பின்பக்கக் கேட்டில் கம்பெனி ஜீப் வந்து நின்றது. மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் அதில் ஏறிப் போய்விட்டார். அவளும் குழந்தையும் தனியாக ரயிலேறினார்கள்.

"இந்தத் தரமும் ஓடினேள்னா, நான் உங்களுக்காகக் காத்துண்டிருக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"சத்தியமா வரேன்."

கிளம்புகிற அன்று மத்தியானம், பெட்டிகளைக் கட்டி முடித்த நேரத்தில் டெலிபோன் மணி அடித்தது. லண்டன் வியாபாரியின் கிடங்கிலிருந்து. கன்டெய்னர் வந்துவிட்டதாம். காலையில் திறந்தார்களாம். சூர்யநாராயணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சரக்கு," என்றது இந்தியில் பேசிய அந்தக் குஜராத்திக் குரல். வழியெல்லாம் குளிர் ஒரு டிகிரிகூட ஏறவில்லையாம். சீல் அப்படியே இருந்ததாம். கதவின் உள்பக்க ரப்பர் மட்டும் கீழிலிருந்து மேல்வரை கிழிந்திருக்கிறதாம், கன்டெய்னர்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

"வேற ஒண்ணும் இல்லையா உள்ள?" என்று கேட்டுவிட்டார்.

"வேற என்ன இருக்கணும்?" அந்தக் குரல் சிரித்தது. "மாம்பழம்தானே அனுப்பினீர்கள்?"

ரிசீவரை வைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. ஒன்றும் இல்லை! அவள் எப்படியோ இறங்கிப் போயிருக்கிறாள். நிஜமாகவே எவனோடாவது ஓடித்தான் போயிருக்கிறாள். இத்தனை நாள் வயிற்றில் உட்கார்ந்திருந்த கல் கரைந்துவிட்டது. பசித்தது. வழிக்குக் கட்டிய தயிர்சாதப் பொட்டலத்தில் ஒன்றைப் பிரித்து நின்றுகொண்டே சாப்பிட்டார். மாவடுவைக் கடித்துக்கொண்டே வைஷுவின் கன்னத்தைக் கிள்ளினார்.

சாமான்களை இறக்கி ஆட்டோவில் வைத்து, வைஷுவை நடுவில் உட்கார வைத்த பிறகு வைஜயந்தி கேட்டாள், "காஸ் சிலிண்டரை மூடினேளா?"

மூடின ஞாபகம் இல்லை. "ஒரு நிமிஷம்," என்று சாவியோடு மாடிக்கு ஓடினார். அவசரம்தான். ஆனாலும் செருப்போடு வீட்டுக்குள் நுழைகிற வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது. வாசலில் கோலாப்பூரியைக் கழற்றி வைத்தார். கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

சிலிண்டர் மூடித்தான் இருந்தது.

திரும்பியபோதுதான் அந்த யோசனை வந்தது. முன்னாலேயே வந்திருக்க வேண்டியது. கன்டெய்னருக்குள் அவள் இல்லை. சரி. சீல் உடையவில்லை. ரப்பர் கிழிந்திருக்கிறது. அங்கே இல்லையென்றால், அவள் எங்கே இருக்கிறாள்?

வாசல் கதவு சாத்தியிருந்தது.

அவர் சாத்தவில்லை. காற்றும் இல்லை. வெளியே ஒரு இலைகூட அசையாத மே மாத மத்தியானம். தாழ்ப்பாளைத் திருகக் கை வைத்தார். சுரீரென்று விரல் அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் கொஞ்சம் அங்கேயே நின்றுவிட்டது. தாழ்ப்பாளின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. பனி.

பாதத்துக்கு அடியில் தரை சில்லிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒவ்வொன்றாக வெளுத்தன. அறை மங்கியது. மூச்சு விட்டார், அது புகையாக முன்னால் நின்றது. மாம்பழ வாசனை. டீசல். எங்கேயோ ஜெனரேட்டர் உறுமியது. எங்கேயோ இல்லை, சுவருக்குள்ளேயே. அவருடைய நாலு சுவருக்குள்ளே.

"வைஜயந்தி!"

குரல் போகவில்லை. கூரைவரை பெட்டி நெருங்கிய இடுக்கில் கத்தினால் எப்படி இருக்குமோ அப்படி, வாய்க்கு எதிரிலேயே அமுங்கிப்போனது. டெலிபோனுக்கு ஓடினார். எடுத்தார். அதற்குள்ளும் ஜெனரேட்டர். அதற்குள் தொலைவில், மூன்று தட்டு.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. வளையல் சத்தம். வைஜயந்தி! கதவின் சின்னக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தார். இன்னும் பனி மூடாத ஒரு பொட்டு வழியாக அவள் முகம் தெரிந்தது, பக்கத்தில் குழந்தை. கைக்கு எட்டுகிற தூரம்.

"ஏன்னா! நாழியாறது. கதவைத் திறங்கோ." அவள் கதவைத் தள்ளினாள். "பூட்டியிருக்கே."

"அம்மா, அப்பா கா சப்பல் நஹி ஹை."

அவர் துளை வழியாகக் கீழே பார்த்தார். கழற்றி வைத்த இடம் காலியாக இருந்தது.

"ஆமா, செருப்பைக் காணோமே." வைஜயந்தியின் முகம் மாறியது. அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம். "போயாச்சு. பின் கேட்டால போயாச்சு. ஜீப் வந்திருக்கும். என்னமா சத்தியம் பண்ணினார்!"

இல்லை. இருக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன். முஷ்டியை மடக்கிக் கதவைத் தட்டினார். மூன்று தட்டு. மூச்சு முட்டியது. நிறுத்தினார். மறுபடி மூன்று.

வைஷு தலையைத் தூக்கினாள். "உள்ள யாரோ தட்டறா அம்மா."

வைஜயந்தி ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டாள். அவர் இன்னும் பலமாகத் தட்டினார். முட்டி கிழிந்தது. ரத்தம் வழியாமல் அப்படியே நின்றது.

"மேல டைல்ஸ் போடறாடி. ஒரு வாரமா இதே சத்தம்தானே. வா, ரயில் போயிடும்."

காலடி இறங்கியது. வளையல் இறங்கியது. குழந்தை மட்டும் ஒரு படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவளும் போனாள். ஆட்டோ கிளம்பியது. லீவு முடிகிறவரை இனி யாரும் வரமாட்டார்கள்.

கால் எதிலோ இடித்தது. குனிந்தார். பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்று, ஆற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைந்து, சொட்டிய இடத்திலேயே உறைந்து கிடந்தது. ஓரம் பிரிந்திருந்தது. உள்ளே அவருடைய கோலாப்பூரி.

அதற்குப் பக்கத்தில் நீலச் செருப்பு. குதிகால் ஹாலைப் பார்க்க, விரல் பக்கம் கதவைப் பார்க்க.

திரும்பக் கூடாது. திரும்பவில்லை. கதவையே பார்த்தார். தட்டினார். தட்டத்தான் தெரிந்தது. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. முதுகுக்குப் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம், அட்டைப் பெட்டிகளின் மேல் வயிற்றால் ஊர்ந்து வருகிற சத்தம், நெருங்கி வந்து நின்றது. பிடரியில் குளிர்.

"நல்லாத் தட்டுங்க சார்," என்றது குரல், காதோரம், வெகு மரியாதையாக. "பலமாத் தட்டுனாத்தான் வெளிய கேக்கும்."

அவர் கை நின்றுவிட்டது. தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. அவருடைய முஷ்டிக்குப் பக்கத்தில், கம்பளிக் கையுறையின் நுனிகள் கிழிந்து நகமில்லாத விரல்கள் நீட்டிக்கொண்டிருந்த இன்னொரு சின்னக் கை, அதே கதவை, உள்ளிருந்து, மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.